வெயிலில் ஓடும் குட்டி ரோபோக்கள்

கைக்குள் அடங்கும் ஒரு சோலார் தகடு, பழைய பொம்மையிலிருந்து கழற்றிய ஒரு மோட்டார், ஒரு மின்தேக்கி, இரண்டு டிரான்சிஸ்டர்கள், ஒரு மின்தடை, தானாக மினுக்கும் எல்.இ.டி. ஒன்று. இந்த ஏழு பொருள்கள் கையில் இருந்தால் வெயிலில் தானாக நகரும் ரோபோ ஒன்றைச் செய்துவிடலாம். அதற்கு பேட்டரி வேண்டாம், சுவிட்ச் வேண்டாம், நிரல் எழுதவும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் நகரும். நிழலுக்குள் போனால் நின்றுவிடும். பொழுதுபோக்காக ரோபோ செய்பவர்களிடையே இந்த வகைக்குப் ‘பீம்’ ரோபோ என்று பெயர். உயிரியல், மின்னணுவியல், அழகியல், இயந்திரவியல் ஆகிய நான்கு துறைகளின் ஆங்கிலப் பெயர்களில் உள்ள முதலெழுத்துகள் சேர்ந்து இந்தப் பெயர் அமைந்தது.

ஆமையிலிருந்து தொடங்கிய கதை

வெளிச்சத்தைத் தேடிப்போகும் இயந்திரங்களுக்கு முன்னோடி, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மூளை ஆராய்ச்சி செய்துவந்த கிரே வால்டர். 1948, 1949ஆம் ஆண்டுகளில் எல்மர், எல்சி என்று இரண்டு ‘ஆமை’களை அவர் உருவாக்கினார். ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு வெற்றிடக் குழாய்கள், ஒளியை அறிய ஒரு கருவி, மோதலை அறிய ஒரு கருவி. அவை விளக்கை நோக்கி ஊர்ந்தன. தடை வந்தால் விலகிப் போயின. பேட்டரி இறங்கியதும் மின்னேற்றம் செய்துகொள்ளத் தங்கள் கூட்டுக்குத் திரும்பின. அவை பேட்டரியில் ஓடியவைதான். ஆனாலும், உயிருள்ளது போன்ற நடத்தைக்குப் பெரிய மூளை தேவையில்லை என்பதை அவை காட்டின.

இந்தக் கருத்தைச் சூரிய ஒளியோடு இணைத்தவர் மார்க் டில்டன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1989இல் ராட்னி புரூக்ஸின் உரை ஒன்றைக் கேட்டார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த புரூக்ஸ், ரோபோவுக்கு உலகின் முழு வரைபடத்தையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, எளிய எதிர்வினைகளை அடுக்கினாலே அது பிழைத்துக்கொள்ளும் என்று வாதிட்டவர். டில்டன் அதையும் தாண்டிப் போய், கணிப்பொறிச் சில்லே இல்லாத ரோபோக்களைச் செய்யத் தொடங்கினார். மனிதனைக் காக்க வேண்டும், அவன் சொற்படி நடக்க வேண்டும் என்று அசிமோவ் தம் கதைகளில் ரோபோக்களுக்கு விதித்த சட்டங்களையும் அவர் ஒதுக்கிவைத்தார். தன்னைக் காத்துக்கொள், உனக்கான ஆற்றலைத் தேடிக்கொள், இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே இரு என்பதுதான் அவருடைய ரோபோக்களுக்கான விதிகளின் சாரம். பின்னர் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகத்தில் சேர்ந்து, கால் முளைத்த பல ரோபோக்களை உருவாக்கினார். 2004இல் கடைகளுக்கு வந்து உலகெங்கும் விற்ற ‘ரோபோசேப்பியன்’ பொம்மையும் அவர் வடிவமைத்ததே.

சேர்த்து வைத்துச் செலவழிக்கும் சுற்று

சிறிய சோலார் தகட்டால் மோட்டாரை நேரடியாக ஓட்ட முடியாது. தீப்பெட்டி அளவுள்ள தகடு நல்ல வெயிலில் சில மில்லியாம்பியர் மின்னோட்டமே தரும். சிறிய மோட்டார்கூட நின்ற நிலையிலிருந்து கிளம்புவதற்கு அதைப்போலப் பல மடங்கு கேட்கும். இரண்டையும் நேரடியாக இணைத்தால் மோட்டார் அசையாது. தகடு தரும் சிறிது மின்சாரமும் மோட்டாரின் கம்பிச்சுருளில் சூடாக வீணாகும்.

இதற்கு விடைதான் ‘சோலார் எஞ்சின்’ எனப்படும் சிறிய சுற்று. சொட்டுச் சொட்டாக வடியும் குழாயின் கீழ் குடத்தை வைத்து, அது நிறைந்ததும் ஒரே மூச்சில் கவிழ்ப்பது போன்றது அதன் வேலை. தகடு தரும் மின்சாரம் முதலில் மின்தேக்கியில் சேர்கிறது. மின்னழுத்தம் குறித்த அளவை எட்டியதும் சுற்று திறந்துகொண்டு, சேர்ந்ததில் பெரும்பகுதி மோட்டாருக்குப் பாய்கிறது. மோட்டார் ஒரு துள்ளு துள்ளி நிற்கிறது. சுற்று மூடிக்கொள்கிறது, மின்தேக்கி மறுபடி நிரம்பத் தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று 2.5 வோல்ட்டிலிருந்து 1 வோல்ட்டுக்கு இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல் சுமார் 12 மில்லிஜூல். அதில் கொஞ்சமும் வீணாகாவிட்டால் 125 கிராம் எடையை ஒரு சென்டிமீட்டர் உயரம் தூக்கலாம். தகடு 5 மில்லியாம்பியர் தந்தால் மின்தேக்கி மறுபடி நிரம்ப ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். ரோபோவின் மொத்த எடையே சில பத்து கிராம்தான் என்பதால், மோட்டாரிலும் உராய்விலும் பெரும்பகுதி வீணான பிறகும், மிஞ்சும் ஆற்றல் அதைச் சற்று நகர்த்தப் போதுமானதாக இருக்கிறது.

எப்போது திறப்பது என்று முடிவுசெய்யும் பகுதியில்தான் மினுக்கும் எல்.இ.டி. வேலைக்கு வருகிறது. இதற்குள் ஒரு நுண்சில்லு உண்டு. மின்னழுத்தம் குறைவாக இருக்கும்வரை இது மிகக் குறைந்த மின்னோட்டத்தையே விடும். ஏறத்தாழ இரண்டரை வோல்ட் வந்ததும் ஒருமுறை மினுக்கும். அந்த மினுக்கலில் பாயும் மின்னோட்டம் முதல் டிரான்சிஸ்டரைத் திறக்கிறது. அது இரண்டாவது டிரான்சிஸ்டரைத் திறக்க, மோட்டாருக்கு வழி கிடைக்கிறது. இரண்டாவது டிரான்சிஸ்டரிலிருந்து 2.2 கிலோஓம் மின்தடை வழியாக ஓர் இணைப்பு முதலாவதற்கே திரும்பி வருகிறது. அதனால் மினுக்கல் முடிந்த பிறகும் இரண்டும் ஒன்றையொன்று திறந்து பிடித்துக்கொண்டிருக்கும். மின்னழுத்தம் ஒரு வோல்ட் அளவுக்கு இறங்கும்போதுதான் பிடி தளர்ந்து சுற்று மூடும்.

மினுக்கும் எல்.இ.டி.க்குப் பதிலாக ‘1381’ என்ற மூன்று கால் சில்லையும் பயன்படுத்தலாம். மின்னழுத்தம் போதவில்லை என்றால் மற்றச் சில்லுகளை நிறுத்திவைப்பதற்காக உருவான உறுப்பு இது. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துக்கு ஏற்ப இது தூண்டும் மின்னழுத்தம் மாறும். மிகக் குறைந்த மின்சாரத்தையே தனக்கென எடுத்துக்கொள்வதால் மங்கிய வெளிச்சத்திலும் சுற்று இயங்கும்.

பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

சோலார் தகட்டில் உள்ள ஒவ்வொரு சிலிக்கான் செல்லும் ஏறக்குறைய அரை வோல்ட்தான் தரும். எனவே ஆறேழு செல்கள் தொடராக இணைந்த, வெயிலில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும் தகடு தேவை. தோட்டத்து சோலார் விளக்கிலிருந்து எடுக்கும் தகடு 2 வோல்ட் மட்டுமே காட்டினால், அத்தகைய இரண்டைத் தொடராக இணைக்கலாம்.

மோட்டாரைப் பொறுத்தவரை, குறைந்த மின்னழுத்தத்தில் எளிதாகச் சுழல்வதே நல்லது. பழைய கேசட் பிளேயர், சி.டி. டிரைவ், செல்போனின் அதிர்வு மோட்டார் ஆகியவை ஏற்றவை. மோட்டார் தேறுமா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டு மோட்டார்களின் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றின் அச்சை விரலால் வேகமாகச் சுழற்ற வேண்டும். சுழற்றப்படும் மோட்டார் அந்த நேரத்தில் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தரும். மற்றது அசைந்தால் இரண்டுமே சோலார் ரோபோவுக்கு ஏற்றவை.

டிரான்சிஸ்டர்களில் ஒன்று பி.என்.பி. வகையாகவும் மற்றது என்.பி.என். வகையாகவும் இருக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் 2என்3906, 2என்3904 என்ற இணையைக் குறிப்பிடுவார்கள். நம் ஊர்க் கடைகளில் பி.சி.557, பி.சி.547 எளிதாகக் கிடைக்கும். சிறிய மோட்டார்களுக்கு அவையும் போதும். ஆனால் கால்களின் வரிசை வேறு. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்தால், 2என் இணையில் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று வரும், பி.சி. இணையில் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று தலைகீழாக வரும். படத்தைப் பார்த்து அப்படியே இணைத்தும் சுற்று வேலை செய்யாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும். சென்னையின் ரிச்சி தெருவிலும் மற்ற நகரங்களின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் இவை எல்லாமே சில்லறையாகக் கிடைக்கும்.

இணைக்கும் முறை

முதலில் பிரெட்போர்டில் செருகிச் சோதித்துவிட்டு, பிறகு சால்டரிங் செய்வது நல்லது. இணைப்புகள் இவை: மின்தேக்கியின் நேர்முனையையும் எதிர்முனையையும் தகட்டின் அதே முனைகளோடு சேர்க்க வேண்டும். பி.என்.பி.யின் எமிட்டரும் மோட்டாரின் ஒரு கம்பியும் நேர்முனைக்குப் போகும். என்.பி.என்.னின் எமிட்டர் எதிர்முனைக்குப் போகும். மோட்டாரின் மறு கம்பி என்.பி.என்.னின் கலெக்டரில் சேரும். பி.என்.பி.யின் கலெக்டரை என்.பி.என்.னின் பேஸோடு இணைக்க வேண்டும். மினுக்கும் எல்.இ.டி.யின் நீளமான கால் பி.என்.பி.யின் பேஸிலும், குட்டைக் கால் எதிர்முனையிலும் சேரும். கடைசியாக, அதே பேஸுக்கும் என்.பி.என்.னின் கலெக்டருக்கும் நடுவே மின்தடை வரும்.

மின்தேக்கியின் உடலில் கோடு போட்டிருக்கும் பக்கம் எதிர்முனை. மாற்றி இணைத்தால் அது கெட்டுவிடும், வெடிக்கவும் கூடும். கேமரா ஃபிளாஷிலும் பழைய டி.வி.யிலும் உள்ள மின்தேக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும் என்பதால் அவற்றைப் பிரிக்கவே கூடாது. சிறுவர்கள் சால்டரிங் செய்யும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்; முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

எத்தனை வகை

தொடக்கக்காரருக்கு ஏற்றது ‘சிமெட்’. மோட்டார் நடுவில் நிற்கும். அதன் அச்சு கீழ்நோக்கித் தரையைத் தொடும். சுற்றிலும் ஒரே அளவுள்ள மூன்று மின்தேக்கிகள், மேலே தகடு. அச்சில் ஒயரின் பிளாஸ்டிக் உறையைச் சிறிது செருகினால் தரையில் பிடிப்பு கிடைக்கும். ரோபோ ஒரு பக்கம் சாய்ந்தபடி நகரும். எதிலாவது முட்டினால் மறுபக்கம் சாய்ந்து வேறு திசையில் போகும். எந்த உணரியும் இல்லாமலே தடையைத் தாண்டும் வழி அதன் உருவத்திலேயே இருக்கிறது.

அடுத்தது ‘சோலாரோலர்’. ஒரு மோட்டாரும் சக்கரங்களும் கொண்டு நேர்கோட்டில் ஓடும் பந்தய வண்டி இது. எடையையும் உராய்வையும் யார் அதிகம் குறைக்கிறாரோ அவரது வண்டி வெல்லும்.

வெளிச்சத்தைத் தேடிப் போவது ‘ஃபோட்டோவோர்’. இதன் எளிய வடிவில் இரண்டு சோலார் எஞ்சின்களும் இரண்டு மோட்டார்களும் இருக்கும். ஒரு தகடு இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் சாய்ந்திருக்கும். இடது தகடு வலது மோட்டாரையும், வலது தகடு இடது மோட்டாரையும் ஓட்டும்படி குறுக்காக இணைக்க வேண்டும். இடப்பக்கம் வெளிச்சம் மிகுந்தால் இடது தகட்டின் மின்தேக்கி விரைவாக நிரம்பும். வலது மோட்டார் அடிக்கடி துள்ளும். ரோபோ இடப்பக்கம், அதாவது வெளிச்சம் இருக்கும் பக்கம் திரும்பும். இரு பக்கமும் சமமாகும்போது நேராகப் போகும்.

இவற்றுக்கு மேல்படியில் இருப்பவை நடக்கும் ரோபோக்கள். மின்தேக்கி, மின்தடை, சமிக்ஞையைத் தலைகீழாக்கும் ஒரு சில்லு ஆகியவை சேர்ந்து தாமதத்தோடு துடிப்பை அடுத்ததற்குக் கடத்தும். இப்படிப்பட்ட அலகுகளை வளையமாக இணைத்தால் துடிப்பு சுற்றிச் சுற்றி வந்து கால்களை முறையாக அசைக்கும். நரம்பு மண்டலத்தைப் போன்ற இந்தச் சுற்றமைப்புக்கு டில்டன் 1994இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 74எச்.சி.240 என்ற மலிவான சில்லு ஒன்றைக் கொண்டே இரண்டு மோட்டாரில் நடக்கும் ரோபோவைச் செய்யலாம்.

ஓடாவிட்டால்

முதலில் ரோபோவை நேரடி வெயிலில் வைக்க வேண்டும். உச்சி வெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும். டியூப்லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸே இருக்கும். அந்த வெளிச்சத்தில் மினுக்கும் எல்.இ.டி. வழியே கசியும் மின்சாரமே தகடு தருவதற்குச் சமமாகிவிடுவதால் மின்தேக்கி நிரம்பாது. அடுத்து மல்டிமீட்டரை மின்தேக்கியின் குறுக்கே வைத்துப் பார்க்கலாம். மின்னழுத்தம் ஏறி, சட்டென இறங்கி, மறுபடி ஏறினால் சுற்று சரி, கோளாறு மோட்டாரில்தான். இரண்டு வோல்ட் அளவில் ஏறி அப்படியே நின்றுவிட்டால் தகடு போதவில்லை. ஏறவே இல்லை என்றால் ஏதோ ஒரு கால் மாறி இணைந்திருக்கிறது.

இந்த ரோபோக்களால் பொருளைத் தூக்கிவர முடியாது; சொன்னதைச் செய்யவும், எதையும் நினைவில் வைக்கவும் முடியாது. அந்த வேலைகளுக்கு அர்டுயினோ போன்ற, நிரல் எழுதி இயக்கும் போர்டு வேண்டும். ஆனால் அர்டுயினோ ஊனோ தான் மட்டும் இயங்குவதற்கே சுமார் 50 மில்லியாம்பியர் எடுத்துக்கொள்ளும். சிறிய தகடு தருவதைப்போல அது பல மடங்கு. இந்தக் குறைகள் இருந்தாலும், டிரான்சிஸ்டர் எப்படித் திறக்கிறது, மின்தேக்கி எப்படிச் சேமிக்கிறது, உராய்வு எவ்வளவைத் தின்கிறது என்பதைக் கண்ணெதிரே காட்டுவதில் பீம் ரோபோவுக்கு நிகரான பாடம் அரிது. பழுதான பொம்மையையோ கேசட் பிளேயரையோ பழைய இரும்புக் கடையில் போடுமுன் அதன் மோட்டாரைக் கழற்றி எடுத்துவைப்பது நல்லது. விடுமுறையில் வீட்டுப் பிள்ளைகள் செய்யப்போகும் முதல் ரோபோவுக்கு அது உதவும்.