முதலில் கரண்ட், அப்புறம் பெட்ரோல், கடைசியில்தான் ஸ்க்ரூ!

டிசம்பர் மாதக் காலை. இரவெல்லாம் கொட்டிய மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. சைதாப்பேட்டையின் குறுகலான தெரு ஒன்றில், வாசலில் நிற்கும் பழைய அம்பாசடருக்குச் சாவி போடுகிறார்கள். செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. சோக்கை இழுத்து இன்னொரு தடவை. ஆக்சிலேட்டரை நாலைந்து முறை மிதித்துவிட்டு இன்னொரு தடவை. பெட்ரோல் வாடை தெருமுனை வரை அடிக்கிறது. அதற்குள் கூடிவிட்டவர்கள், “கார்ப்ரேட்டர் அடைச்சிருக்கு” என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். ஒருவர் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக வந்து நிற்கிறார்.

இந்த இடத்தில் அனுபவசாலி மெக்கானிக் செய்கிற முதல் காரியம், அந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக் கீழே வைப்பதுதான். வாடை அடிக்கிறது என்றால் பெட்ரோல் வந்திருக்கிறது. வந்த பெட்ரோல் எரியவில்லை. அப்படியானால் தேட வேண்டிய இடம் கார்புரேட்டர் அல்ல, கரண்ட் போகும் பாதை. நேற்று வரை சரியாக ஓடிய வண்டியின் ஸ்க்ரூக்கள் ஒரே இரவில் தானாகத் திரும்பிவிடுவதில்லை. அவற்றைத் திருகிவிட்டால், இருந்த ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

கார்புரேட்டர் கார்கள் புதிதாக வருவது நின்று ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிறது. மாருதி 800 கார் 1983 டிசம்பரில் கார்புரேட்டரோடுதான் பிறந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில், மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய நேரத்தில், பெட்ரோலை கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. முறைக்கு மாறியது. அம்பாசடரின் உத்தரபாரா தொழிற்சாலை 2014 மே மாதம் நின்றுபோனது. ஆனால், பிரியம் விடாமல் வண்டியைக் காப்பாற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் சென்னையில் இன்றும் உண்டு. குறைந்துவருவது அவற்றைக் காதால் கேட்டே நோய் சொல்லக்கூடிய ஆட்கள்தான்.

சென்னைக்கும் இதில் பங்குண்டு

இந்தக் கார்களின் உயிர்நாடியான பாகங்கள் பலவும் சென்னையைச் சுற்றியே பிறந்தன. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் 1961 முதல் வண்டலூர்ப் பக்கம் தயாரானது. அதே 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ்., பாடியிலிருந்து செல்ஃப் மோட்டார்களையும் டிஸ்ட்ரிபியூட்டர்களையும் நாடு முழுக்க அனுப்பியது. ஜப்பானின் மிக்குனி நிறுவனத்துடன் கைகோத்து 1985-இல் உருவான யூக்கால், மறைமலை நகரில் கார்புரேட்டர்களைத் தயாரித்தது. அசல் பாகம் கிடைக்காத இன்றைய நிலையில், புதிய சரக்குக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய சரக்குக்குப் புதுப்பேட்டை என்று தேடிப் போகிறார்கள்.

மூன்றே கேள்விகள்

கார்புரேட்டரின் அடிப்படை எளிமையானது. அந்தக் காலத்துக் கொசு மருந்து அடிக்கும் பம்பை நினைத்துக்கொண்டால் போதும்: வேகமாகப் போகும் காற்று, கீழே இருக்கும் திரவத்தை உறிஞ்சி மேலே இழுத்துத் தூறலாக்குகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று கார்புரேட்டரின் ஒடுங்கிய கழுத்து வழியாகப் பாய்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. பக்கத்தில் இருக்கும் மிதவைக் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஜெட் வழியாக ஏறி வருகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும்.

இன்ஜின் பிடிக்க மூன்று வேண்டும்: சரியான நேரத்தில் பொறி, பெட்ரோல், காற்று. இவற்றை இதே வரிசையில் சோதிப்பதுதான் முறை. ஏனென்றால், முதல் சோதனைக்கு நிமிடங்கள் போதும். கடைசிச் சோதனைக்கு அரை நாள் ஆகும்.

பொறிக்கும் முன்னால் பேட்டரி. செல்ஃப் ‘டிக்’ என்று சொல்லி நின்றால் டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையும், பாடிக்கும் இன்ஜினுக்கும் இடையே போகும் எர்த் பட்டையையும் பார்க்க வேண்டும். செல்ஃப் மந்தமாகச் சுற்றி, சாவியை விடும் அந்த நொடியில் மட்டும் இன்ஜின் பிடிக்கப் பார்த்தால் அது தெளிவான தடயம். பேட்டரியின் பலத்தையெல்லாம் செல்ஃப் இழுத்துக்கொள்வதால் காயிலுக்குப் போதுமான வோல்ட்டேஜ் போகவில்லை.

அடுத்து பொறி. ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரை மாட்டி, அதன் உலோக உடலை இன்ஜினில் படும்படி வைத்துச் சுற்றிப் பார்ப்பார்கள். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் இதைச் செய்யவே கூடாது. கழற்றிய ஓட்டைக்குத் தள்ளி, ஆவி விலகிய பிறகு, ரப்பர் பிடியுள்ள இடுக்கியால் பிடித்துப் பார்க்க வேண்டும். நீலமாக, ‘சட்சட்’ என்று அடித்தால் கரண்ட் சரி. மஞ்சளாக இழுத்துக்கொண்டு வந்தால் பாயிண்ட், கண்டன்சர், காயில் இந்த மூன்றில் ஒன்று களைத்திருக்கிறது. அம்பாசடரின் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயிண்டின் குதி தேயத் தேய இந்த இடைவெளி சுருங்கும். பொறி விழும் நேரமும் பின்தங்கும். ஒரு ஃபீலர் கேஜ் இருந்தால் வீட்டிலேயே சரிபார்க்கலாம்.

சைதாப்பேட்டைத் தெருவில் மழை விட்ட காலையில் வண்டி பிடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் பனித்துவிடும். பல்லாயிரம் வோல்ட், போக வேண்டிய பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே வழுக்கி எர்த் ஆகிவிடும். மூடியைக் கழற்றி, உள்ளே காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ரோட்டாரையும் துடைத்து மாட்டினால் பல வண்டிகள் அடுத்த சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். மூடிக்குள் பென்சிலால் கோடு போட்டதுபோல் மெல்லிய கருங்கோடு தெரிந்தால் துடைத்துப் பயனில்லை. மூடியையே மாற்ற வேண்டும்.

பொறி சரியென்றால் அடுத்தது பெட்ரோல். ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜின் ஓடாத நிலையில் கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் கம்பியை ஒருமுறை தள்ளினால், பம்ப் ஜெட்டிலிருந்து மெல்லிய பெட்ரோல் பீச்சு வர வேண்டும். வரவில்லை என்றால் கிண்ணம் காலி. வாரக்கணக்கில் நின்ற வண்டியில் இது சகஜம். கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். அம்பாசடரின் ஏ.சி. பம்பின் (டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப்) அடியில் கையால் இயக்கும் சின்ன நெம்புகோல் இருப்பது இதற்காகத்தான். அதைப் பத்துப் பதினைந்து முறை அசைத்துக் கிண்ணத்தை நிரப்பிவிட்டால் பேட்டரி பிழைக்கும்.

மாறாக, மிதித்து மிதித்துப் பெட்ரோல் வழிந்துவிட்டதென்றால், சோக்கை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு, ஆக்சிலேட்டரை ஒரே மிதியில் தரையோடு அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் கொடுக்க வேண்டும். நிறையக் காற்று போய் உள்ளே நனைந்திருப்பதைக் காயவைக்கும்.

ஐடிலிங் நிற்காத வண்டி

இனி இரண்டாவது புகார்: “ஸ்டார்ட் ஆகுது, ஓடுது. சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகிடுது.” சின்னமலை சிக்னலில் பின்னால் பேருந்து ஹாரன் அடிக்க, சாவியைத் திரும்பத் திரும்பத் திருகுவதன் வேதனை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஓடும்போது சரியாக இருந்து, நிற்கும்போது மட்டும் அணைகிறது என்றால் அதற்குத் தனிக் காரணம் உண்டு. ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, திராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். கழுத்தில் காற்று வேகம் இல்லாததால் மெயின் ஜெட் வேலை செய்யாது. அப்போது இன்ஜினுக்குச் சோறு போடுவது பைலட் ஜெட் என்கிற தனிப்பாதை. அதன் துளை அரை மில்லிமீட்டர் அளவுதான். டேங்கிலிருந்து வரும் ஒரு துரும்புத் துரு போதும், அதை அடைக்க. அம்பாசடரிலும் பத்மினி காரிலும் இருக்கும் சோலெக்ஸ் கார்புரேட்டரில் இந்த ஜெட்டை வெளியிலிருந்தே கழற்ற முடியும். காற்றடித்துத்தான் அடைப்பு எடுக்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். பிறகு அந்த ஜெட் எந்த அளவுக்கும் சேராது.

மாருதி 800 வண்டியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதன் கார்புரேட்டரில் ஐடில் பெட்ரோலைத் திறந்து மூடும் சோலனாய்டு இருக்கும். சாவியை ஆன் செய்ததும் அதிலிருந்து ‘டொக்’ என்ற சத்தம் வர வேண்டும். ஒயர் கழன்றிருந்தால் சத்தம் வராது, ஐடிலிங்கும் நிற்காது. ஒரு ஒயரைச் சொருகினால் தீர்கிற இந்தக் கோளாறுக்காக முழு கார்புரேட்டரையும் மாற்றச் சொல்வது அநியாயம்.

ஜெட்டும் சரி, சோலனாய்டும் சரி என்றால் திருட்டுக் காற்றைத் தேட வேண்டும். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் கேஸ்கட், மேனிஃபோல்டு கேஸ்கட், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் டியூப் இவற்றில் எங்கே வெடிப்பு இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே புகும். சோக்கைப் பாதி இழுத்தால் ஐடிலிங் நிலைத்து, உள்ளே தள்ளினால் இன்ஜின் அணைந்தால், ஒன்று காற்று கூடுதலாகப் போகிறது, அல்லது பெட்ரோல் குறைவாக வருகிறது. வேக்குவம் டியூபை விரலால் நசுக்கிப் பிடித்ததும் இன்ஜின் சத்தம் சீரானால் குற்றவாளி அங்கேதான். சூடான இன்ஜின் மேல் பெட்ரோலைத் தெளித்துக் காற்றுக்கசிவு கண்டுபிடிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது; தீப்பிடிக்கும் ஆபத்து உள்ள அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவருக்கு வேலை. இன்ஜின் நன்றாகச் சூடேறி, சோக் முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும். திராட்டில் ஸ்க்ரூவால் வேகத்தைச் சற்றே கூட்டிவைத்து, மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருக, ஒரு கட்டத்தில் இன்ஜின் தடுமாறும். அங்கிருந்து வெளியே திருப்பிக்கொண்டே வந்தால் சத்தம் சீராகி, வேகம் உச்சிக்குப் போகும். அங்கே நிறுத்திவிட்டு, திராட்டில் ஸ்க்ரூவைக் குறைத்துப் பழைய வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். தொடங்கும் முன்பு, மிக்சர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் இருந்தது என்று எண்ணிக் குறித்துக்கொள்வது நல்லது.

கத்திரி வெயிலும் ஆற்று வெள்ளமும்

ஐரோப்பாவில் எழுதப்பட்ட கையேடுகள் குளிர்காலத்து ஸ்டார்ட்டிங் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். சென்னையின் தொல்லை நேர் எதிரானது. மே மாத மதியம், கடைக்குள் போய்விட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பினால் வண்டி பிடிக்காது. பெட்ரோலின் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். அம்பாசடர் இன்ஜினில் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் அதே பக்கத்தில்தான் எக்சாஸ்ட் மேனிஃபோல்டும் இருக்கிறது. இன்ஜின் நின்றதும் காற்றோட்டம் நின்று, சூடு மேலேறி, பம்பிலும் குழாயிலும் ஆவி அடைத்துக்கொள்கிறது. பம்பின் மேல் ஈரத்துணி போடும் பழைய டிரைவர்களின் வைத்தியம் அறிவியல்படி சரியானதே. நிரந்தர வழி, கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் தடுக்கும் பேக்கலைட் தகட்டைச் சரியாக வைப்பதும், பெட்ரோல் குழாயை எக்சாஸ்டிலிருந்து விலக்கிக் கட்டுவதும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டைக்குள் புகுந்தபோது கார்கள் பானெட் வரை மூழ்கின. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்ட நாட்கள் அவை. மூழ்கிய காரில் செல்ஃப் கொடுப்பதுதான் செய்யவே கூடாத காரியம். சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கார்புரேட்டர் கார்களுக்கு ஒரு வசதி, நனைந்து பழுதாக அவற்றில் கம்ப்யூட்டர் இல்லை. பேட்டரியைக் கழற்றி, பிளக்குகளை எடுத்துவிட்டு, முன்பக்க ஹேண்டிலைப் போட்டுக் கையால் சுற்றி நீரை வெளியேற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலை மாற்றி, டேங்க், குழாய், மிதவைக் கிண்ணம் மூன்றையும் வடித்து, டிஸ்ட்ரிபியூட்டரைக் காயவைக்க வேண்டும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. கிண்ணத்தின் அடியில் தங்கி ஜெட்டை மறிக்க ஒரு ஸ்பூன் நீரே போதும்.

இருபது சதவீத எத்தனால்

2023 முதல் பங்க்குகளில் பரவிய இ20 பெட்ரோல், இந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், இந்தக் கலவை எரியத் தேவைப்படும் காற்று 14.7-இலிருந்து சுமார் 13.5 மடங்காகக் குறைகிறது. புதிய கார்கள் சென்சார் மூலம் இதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பழைய ஜெட் பழைய அளவையே கொடுக்க, கலவை எட்டு சதவீதம் போல நீர்த்துவிடுகிறது. காலையில் சோக் அதிக நேரம் தேவைப்படுவதும் ஐடிலிங் நடுங்குவதும் இதனால்தான். மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்துவிட்டால் ஐடிலிங் தேறும்.

இதைவிடக் கவலைக்குரியது, எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்வதும் பழைய ரப்பரை ஊதவைப்பதும். ஏ.சி. பம்பின் டயஃப்ராம், பெட்ரோல் ஹோஸ் இரண்டையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது அவசரமான வேலை. கசியும் ஹோஸ் சூடான எக்சாஸ்ட் மேல் சொட்டினால் காரே போய்விடும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால், கிண்ணத்தை வடித்துவிடுவது நல்லது.

டியூனிங் சரியா என்று காதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. மாசுச் சான்றிதழ் சோதனை ஐடிலிங்கில்தான் நடக்கிறது. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம்.மும் உச்சவரம்பு. கார்பன் மோனாக்சைடு எகிறினால் பெட்ரோல் அதிகம்: மிதவை மட்டம், நீடில் வால்வு, முழுதாகத் திறக்காத சோக், அழுக்கான ஏர் ஃபில்டர். அது குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பொறி தவறுகிறது, அல்லது காற்று கசிகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இந்த இரண்டு எண்களைச் சர்வீஸ் நோட்டில் வரிசையாக எழுதிவைத்தால், வண்டியைத் தொடும் அடுத்த மெக்கானிக்குக்கு எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.