திரும்பி வந்த கடல் நீர்நாய்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த பிக் ஸர் என்னும் பிரதேசத்தில், மலைகள் நேரே பசிபிக் ஸமுத்திரத்தில் இறங்குகின்றன. அச்செங்குத்தான கரையோரமாக 1937-ஆம் வருஷத்தில்தான் பெருஞ்சாலை திறக்கப்பட்டது. மறு வருஷம் மார்ச்சு மாதம், பிக்ஸ்பி என்னும் ஓடை கடலில் சேருமிடத்தருகே கடல் நீர்நாய்கள் கூட்டமாக மிதப்பதாகச் செய்தி வந்தது. அந்த ஜாதி அக்கரையில் அடியோடு அழிந்துவிட்டதென்றே ஜனங்கள் எண்ணியிருந்தனர்.

அதற்கு யமனாக வந்தது அதன் ரோமமே. கடல் சிங்கத்துக்கும் திமிங்கிலத்துக்கும் தோலடியில் கொழுப்புண்டு, இதற்கு இல்லை. சதுர அங்குலத்துக்குப் பத்து லக்ஷம் வரை நெருங்கிய ரோமமே குளிரைத் தாங்கும் போர்வை. அதற்குச் சீனாவில் கிடைத்த விலையை நாடி, 18-ஆம் நூற்றாண்டில் ருஷ்ய வியாபாரிகள் வடக்கே அலூஷியன் தீவுகளில் புகுந்தார்கள். அத்தீவுகளின் குடிகளைப் பலவந்தமாக வேட்டைக்கு அனுப்பி, அவர்களது பெண்டு பிள்ளைகளைப் பிணையாக வைத்துக்கொண்டார்கள். நீர்நாயின் சரித்திரத்தைச் சொல்வோர் இந்த ஜனங்கள் பட்ட பாட்டை மறந்துவிடுவது நியாயமன்று. 1911-இல் அமெரிக்கா, பிரிட்டன், ருஷ்யா, ஜப்பான் ஆகிய நான்கும் உடன்படிக்கை செய்துகொண்டு கடல் வேட்டையைத் தடுத்தன. அதற்குள் வேட்டையாட மிஞ்சியது சொற்பமே.

இன்று அந்த மாகாணத்தில் சுமார் 3,000 நீர்நாய்கள் உள்ளன. பிக் ஸர் கரையை ஒட்டிய கடலும் 1992 முதல் பாதுகாப்பு பெற்றிருக்கிறது. மல்லாந்து மிதந்தபடி, மார்பின்மீது கல்லை வைத்து, அதில் சிப்பியை மோதி உடைத்துத் தின்னும் இப்பிராணியைக் காண்பது ஓர் ஆனந்தமே. ஆனால் அதன் எடையில் கால் பங்கு அதற்கு அன்றாட ஆகாரம்! விலையுயர்ந்த அபலோன் சிப்பிகளை நீர்நாயே தின்று தீர்க்கிறதென்பது அவற்றை எடுத்துப் பிழைத்தவர்களின் முறையீடு. கடலை நம்பியவன் வயிறும் வயிறுதானே. அதை நாம் அலக்ஷ்யம் செய்யவில்லை. அவர்களைச் சமாதானப்படுத்த, 1987-இல் தென்பகுதிக் கடலில் நீர்நாய் வரக்கூடாத எல்லை ஒன்றைச் சர்க்கார் வகுத்தது. நீர்நாய்கள் அதை மதிக்கவில்லை. 2012-இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

எனினும் முறையீட்டுக்கு வடக்கேயுள்ள கடலே பதில் சொல்கிறது. வேட்டைக்காலத்துக்குப் பின் நீர்நாய் அங்கே திரும்பவேயில்லை. பாறைகளைப் பற்றி வனம்போல் வளரும் கெல்ப் என்னும் பெரும்பாசியே அங்கு அபலோனுக்கு உணவு. அதையே கடல் முள்ளெலியும் தின்கிறது. 2013-இல் முள்ளெலியைத் தின்னும் கடல் நட்சத்திரங்கள் நோயால் மாண்டன. அடுத்த வருஷங்களில் கடல் நீர் அளவுமீறிச் சூடேறிற்று. முள்ளெலிகள் பெருகின, பாசி வனத்தில் 100-க்கு 90 பங்குக்கு மேல் அழிந்தது. அபலோன்கள் பட்டினியால் செத்தன. 2018-இல் அவற்றை எடுக்க அனுமதியே நிறுத்தப்பட்டது.

நீர்நாய் வாழும் மாண்டரேயிலும் அதே வெப்பம், அதே முள்ளெலிப் பெருக்கம். அங்கே பாசி முழுவதும் போகவில்லை. மொட்டையான பாறைகளில் கிடந்த சத்தற்ற முள்ளெலிகளை நீர்நாய்கள் தீண்டவில்லை. பாசி எஞ்சிய திட்டுகளில் கொழுத்துக் கிடந்தவற்றையே தேடித் தின்றன. அந்தத் திட்டுகள் பிழைத்து நின்றன.