110 நிமிடத்தில் பாதியாகும் மருந்து

அப்பாவுக்குப் ‘பெட்’ ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதல்நாள் மாலை அழைத்த தாதி, "காலை 8 மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள், மருந்து காத்திருக்காது" என்றார். எல்டிபி நெடுஞ்சாலையின் காலை நெரிசலைப் பூச்சோங்வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 6 மணிக்கே கிளம்பினோம். படிவம் 5 இயற்பியலில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அரை ஆயுள், அந்த நெரிசலில்தான் எனக்கு உறைத்தது.

அந்த மருந்து, புளோரின்-18 ஒட்டப்பட்ட ஒருவகைச் சர்க்கரை. புற்றுநோய்க் கட்டிகள் பெரும்பாலும் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்ளும். கூடவே புளோரினும் போய்ச் சேரும். இயற்கையில் கிடைக்கும் புளோரின் அணுக்கருவில் 9 புரோட்டான், 10 நியூட்ரான். புளோரின்-18இல் நியூட்ரானும் 9தான். நிலைத்திருக்க அது போதாது. ஆகவே ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறி, பாசிட்ரான் ஒன்று வெளியேறுகிறது. அது அருகிலுள்ள எலக்ட்ரானோடு மோதி இரண்டுமே மறைய, 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள இரு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. ஸ்கேன் கருவி பிடிப்பது இந்த இரட்டையரைத்தான்.

இதை வாங்கிச் சேமித்து வைக்க முடியாது. சைக்ளோட்ரான் கருவியில், ஆக்சிஜன்-18 நிறைந்த நீரைப் புரோட்டான்களால் தாக்கித்தான் உருவாக்க வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே, புத்ராஜெயாவிலுள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் அத்தகைய கருவி இருக்கிறது. உருவான நொடியிலிருந்தே கரைவு தொடங்கிவிடும். 110 நிமிடத்தில் பாதி. அரை மணி நேரம் தாமதித்தால் 17 விழுக்காடு போய்விடும்.

அந்த 110ஐ எப்படி அளக்கிறார்கள்? மாதிரியைக் கதிர்வீச்சுக் கருவியில் வைத்து, குறித்த இடைவெளிகளில் எண்ணிக்கையைப் பதிவு செய்கிறார்கள். சுற்றுப்புறக் கதிர்வீச்சைக் கழித்து, மடக்கை அளவில் வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். சரிவுதான் அரை ஆயுளைச் சொல்கிறது. கேட்க எளிது, ஆனால் கோடு அடிக்கடி அடம் பிடிக்கும். தொடக்கத்தில் கதிர்கள் மிக வேகமாக வருவதால் கருவி சிலவற்றைத் தவறவிட, கோட்டின் தலைப்பகுதி தாழ்ந்துவிடும். வால் பகுதி தட்டையானால், நீண்ட ஆயுள் கொண்ட வேறொன்று கலந்திருக்கிறது என்று பொருள்.

இது ஆய்வுக்கூட ஆர்வத்துக்காக மட்டும் செய்யும் அளவீடு அல்ல. மருந்துத் தரநூல்கள் இதை ஓர் அடையாளச் சோதனையாகவே வைத்திருக்கின்றன. விடை 105 முதல் 115 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். தாக்கப்படும் நீரில் சாதாரண ஆக்சிஜன்-16 இருந்தால் நைட்ரஜன்-13 உருவாகலாம். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 10 நிமிடம்தான். அது மருந்தில் கலந்திருந்தால் அளவீடு குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். நம் கடவுச்சீட்டைப் போல, அந்தக் குப்பிக்கு அதன் அரை ஆயுள்.

நாங்கள் 7.20க்கே போய்ச் சேர்ந்தோம். 9 மணிக்கு ஊசி, ஒரு மணி நேர ஓய்வு, பிறகு ஸ்கேன். சில மணி நேரம் குழந்தைகளை நெருங்க வேண்டாம் என்று தாதி சொல்லி அனுப்பினார். வீட்டில் அக்காவின் ஒரு வயது மகள் தாத்தாவை நோக்கிக் கைநீட்டி அழுதுகொண்டிருந்தாள். கார் நிறுத்துமிட ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்: இரவு 8 மணிக்கு 11 மணி நேரம், அதாவது 6 அரை ஆயுள். மிஞ்சுவது அதிகபட்சம் 64இல் ஒரு பங்கு.

தாதி சொன்ன நேரம் எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் அப்பா 8 மணி வரை காத்திருந்துதான் பேத்தியைத் தூக்கினார்.