தாலுகா ரிகார்டு அறையும் குடியானவரின் பாத்தியதையும்

சர்க்கார் கச்சேரிகளில் காகிதம் மலைபோற் பெருகுகிறது என்னும் முறையீடு புதியதன்று. ஒரு தாலுகாவிற்கு ஆண்டுதோறும் வந்து சேரும் மனுக்கள், பட்டா மாற்றல் விசாரணைகள், ஜமாபந்திக் கணக்குகள், நகல் கோரும் விண்ணப்பங்கள் யாவும் துணியிற் கட்டப்பெற்று அலமாரிகளில் ஏறுகின்றன. அறை நிரம்பியதும் கட்டுகள் தாழ்வாரத்திற்கு வருகின்றன. அதற்குப் பின் மாடிப்படியின் அடிக்குச் செல்கின்றன. கறையானுக்கும் மழை ஈரத்திற்கும் இதைவிட வசதியான இடம் வேறில்லை. ஒரு கட்டை எடுக்க ஐம்பது கட்டுகளைப் புரட்டவேண்டிய நிலையில், உள்ள காகிதமும் இல்லாத காகிதமாகவே ஆகிவிடுகிறது. இதனால் நஷ்டமடைபவர் குமாஸ்தா அல்லர். நகலுக்காக மூன்று முறை கச்சேரிக்கு நடக்கும் குடியானவரே. ஆகவே கட்டுகளைக் குறைக்கவேண்டும் என்பதில் ஆட்சேபமில்லை. எதைக் குறைப்பது என்பதே கேள்வி.

இதற்குச் சென்னை மாகாணத்தில் நெடுங்காலத்திற்கு முன்பே ஒரு முறை ஏற்பட்டது. தாட்டன்ஹாம் என்னும் அதிகாரியின் பெயரால் அது வழங்குகிறது. ஒரு விஷயம் பைசலாகும்போதே அந்தக் காகிதம் எத்தனை ஆண்டு இருக்கவேண்டும் என்பதை அதன் தலையிலேயே எழுதிவிடுவதுதான் அம்முறையின் சாரம். ஆர்.டிஸ். என்று குறித்தது என்றென்றும் இருக்கும், டி.டிஸ். பத்தாண்டும், கே.டிஸ். மூன்றாண்டும், எல்.டிஸ். ஓராண்டும் இருக்கும். தவணை முடிந்தவற்றை ஜாபிதா எழுதி, உத்தரவு பெற்று அழிப்பார்கள். இம்முறை ஒழுங்காக நடந்தால் ரிகார்டு அறை ஒருபோதும் நிரம்பி வழியாது. ஆனால் இதில் ஓர் அபாயமும் உண்டு. ஒரு நிலத்தின் உட்பிரிவை மாற்றிய உத்தரவை, அவசரத்தில் சாதாரணக் கடிதமென எண்ணி மூன்றாண்டு வகுப்பிற் சேர்த்துவிட்டால், நான்காம் ஆண்டில் அந்த உத்தரவுக்கு ஆதாரமே இராது. அழிக்கும் ஜாபிதாவை மேலதிகாரி கண்ணால் பார்த்துக் கையெழுத்திடுவது வெறும் சடங்கன்று.

தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஏரியும் வயலுமாக இருந்த இக்கிராமம் பேரூராட்சியாகி, 2021-ல் தாம்பரம் மாநகராட்சியிற் சேர்ந்தது. இதனுடைய மாவட்டமும் மாறிமாறி வந்திருக்கிறது: பழைய செங்கற்பட்டு மாவட்டம், 1997 முதல் காஞ்சீபுரம், 2019 நவம்பர் முதல் மீண்டும் செங்கற்பட்டு. ஒவ்வொரு பிரிவினையின்போதும் கட்டுகள் ஒரு கச்சேரியிலிருந்து மற்றொன்றிற்கு வண்டியேறின. ஊரில் இன்று நஞ்சை ஏது, பழைய கணக்கு எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அங்குள்ள ஏரியே அதற்கு விடை. 2019-ல் அவ்வேரியைச் சீர்செய்ய 25 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆக்கிரமிப்பு வழக்கோ உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஏரியின் எல்லை எங்கே என்று கேட்டால், வீடுகள் நிறைந்த தெருவைப் பார்த்து எவராலும் சொல்ல இயலாது. பழைய நில அளவைப் படமும், அப்புலத்தை ஏரிப் புறம்போக்கு எனக் காட்டும் 'அ' பதிவேடுமே சாட்சி. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் ஏரிகளை அளந்து எல்லை காட்டும் படமும் பதிவேடும் ஆயத்தம் செய்யவேண்டுமென்றே விதிக்கிறது. வயல் போனபின்னும் வயலின் காகிதத்திற்கு வேலை போகவில்லை.

இனிக் கம்ப்யூட்டரைப் பற்றி. சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை வீட்டிலிருந்தே இணையத்திற் பார்க்கலாம் என்பது குடியானவருக்குப் பெரிய அநுகூலம். மின் ஆவணங்களுக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் செல்லுபடி அளித்திருக்கிறது. மூல ரிகார்டு கச்சேரியில் இருப்பதன் பலன் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நன்கு விளங்கிற்று. முடிச்சூர் முதலிய இடங்களில் வீட்டிலிருந்த பத்திரங்கள் நனைந்து போயின. இழந்தவற்றுக்கு நகல் தரச் சர்க்கார் முகாம்கள் வைத்தது. கச்சேரியில் மூலம் இல்லாதிருந்தால் நகல் எங்கிருந்து வரும்?

ஆயினும் கம்ப்யூட்டர் தனக்குக் கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது ஏக்கர், செண்டு என்னும் அளவுகள் ஹெக்டேர், ஏர் ஆயின. பட்டா எண்களும் உட்பிரிவுகளும் புதிதாயின. அந்த வேலையின் நடுவே, 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிந்து, கணக்குகள் புதிய கிராம நிர்வாக அலுவலர்களின் கைக்கு மாறின. இத்தனை மாற்றத்தில் பெயரிலும் விஸ்தீரணத்திலும் பிழைகள் புகுந்ததில் வியப்பில்லை. அப்பிழைகளே கம்ப்யூட்டரிலும் ஏறின. அவற்றைத் திருத்த மனுச் செய்பவர் திட்டத்திற்கு முந்திய பதிவேட்டைக் காட்டவேண்டும். படம்பிடித்தாயிற்று என்று அப்பழைய பதிவேட்டை அப்புறப்படுத்தினால், தவறான கணக்கே இறுதிக் கணக்காகிவிடும்.

ஆகையால் முதலில் குறைக்கத்தக்கவை இரட்டைப் பிரதிகள், தவணை கடந்த நினைவூட்டுக் கடிதங்கள், நகல் விண்ணப்பங்கள் போன்றவையே. அலமாரியின் பெரும்பகுதியை அடைத்திருப்பவையும் பெரும்பாலும் இவையே. பழைய சர்வே எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக்காட்டும் அட்டவணை மெலிந்த புத்தகமாயிருக்கும். யாரும் கவனியாமல் கழிவுக் கட்டிற் சேர்ந்துவிடுவதும் அதுவே. நகர நில அளவை நடந்த ஊர்களில் அது தொலைந்தால் தாத்தாவின் கிரயப் பத்திரத்திற்கும் பேரனின் நிலத்திற்கும் தொடர்பு அறுந்துவிடும்.

நிலமுடையோர் தங்கள் பத்திரத்தையும் இணையச் சிட்டாவையும் இப்போதே ஒத்துப்பார்ப்பது நலம். ஒரு செண்டு என்பது ஏறக்குறைய 40.5 சதுர மீட்டர். இரண்டரை ஏக்கர் என்பது 1 ஹெக்டேர் 1 ஏருக்குச் சற்று மிகும். சிட்டா இதற்குக் குறைவாகக் காட்டினால் புலப்படத்தையும் வாங்கிப் பார்க்கவேண்டும். வித்தியாசம் உறுதியானால், பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகலுக்குத் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பித்து, அதனுடன் திருத்த மனுவைக் கொடுக்கலாம். பசலி முடிவையொட்டி மே, ஜூன் மாதங்களில் ஜமாபந்தி நடக்கும்போது கிராமக் கணக்குகள் யாவும் மேசைக்கு வந்திருக்கும். மனுக் கொடுக்க அது ஏற்ற சமயம். கிராம நிர்வாக அலுவலரும் பொறுப்பை ஒப்புவிக்கும் நாளில் பதிவேடுகளை எண்ணி, பக்கம் கிழிந்ததையும் குறித்து, இருவர் கையெழுத்துடன் ஜாபிதா எழுதிக்கொள்ளவேண்டும்.