வன்தட்டில் எழுத்து எங்கே இருக்கிறது?

கணினியில் ஒரு கட்டுரையைத் தட்டெழுதி முடித்து, 'சேமி' என்பதைச் சொடுக்கியதும் நம் மனம் அமைதி அடைந்துவிடுகிறது. நெல்லைக் குதிரில் கொட்டி மூடிவைத்த நிறைவு அச்சொல்லுக்கு உண்டு. போட்டது போட்டபடி இருக்கும், வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம் என்று அது நம்மை நம்பவைக்கிறது. வன்தட்டோ அவ்வாறு இயங்குவதில்லை. அதனுள் நம் கட்டுரையும் இல்லை, எழுத்தும் இல்லை. காந்தத் திசைகள் மட்டுமே உள்ளன. அத்திசைகள் எழுத்தாக மீள வேண்டுமாயின் மூன்று ஏற்பாடுகள் ஒருங்கே நிலைத்திருக்க வேண்டும்: காந்தப் பதிவு, அதன் இருப்பிடத்தைக் காட்டும் அட்டவணை, எண்ணை எழுத்தாக்கும் குறியீடு. 'கோப்பு போய்விட்டது' என்று ஒருவர் வருந்தும்போது, இம்மூன்றில் போனது எது என்பதைப் பொறுத்தே அது மீளுமா என்பது அமையும்.

இது பொறியாளர்க்கு மட்டும் உரிய பொருள் அன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடந்த முப்பது ஆண்டுகளில் எழுதப்பட்ட ஆய்வேடுகள், சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், மேடை நாடகப் படிகள், முதியோரிடம் பதிவு செய்த தோட்டப்புறப் பேச்சு எனப் பலவும் தாளில் இல்லை. அலமாரிகளின் அடித்தட்டில் கிடக்கும் பழைய கணினிகளில் உள்ளன.

முதலில் பெயரைப் பார்ப்போம். சிம் லிம் சதுக்கத்துக் கடைகளில் 'ஹார்ட் டிஸ்க்' என்று கேட்டால்தான் கிடைக்கும். நம் பாடநூல்களும் செய்தித்தாள்களும் 'வன்தட்டு' என்கின்றன. எல்லாத் தட்டும் வன்மையானவையாக இருந்த காலத்தில் இந்த அடைமொழிக்குத் தேவை இருக்கவில்லை. 1970களில் வளையக்கூடிய நெகிழ்வட்டு வந்த பிறகே மற்றையது 'வன்' ஆயிற்று. கைப்பேசி வந்தபின் வீட்டுத் தொலைபேசி 'தரைவழித் தொலைபேசி' ஆனதைப் போன்றது இது.

முதல் வன்தட்டை ஐபிஎம் நிறுவனம் 1956-இல் கலிபோர்னியாவில் வெளியிட்டது. ராமாக் என்னும் கணினியின் உறுப்பாக வந்த அதில், 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டுகள் ஓர் அச்சில் அடுக்கப்பட்டிருந்தன. எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே அது போதாமற்போகலாம். ஆயினும் அடிப்படை அமைப்பு மாறவில்லை: சுழலும் வட்டு, அதன்மேல் நகரும் கை, கையின் நுனியில் எழுதவும் படிக்கவும் வல்ல தலை.

இன்று மேசைக் கணினியில் உள்ள மூன்றரை அங்குல வன்தட்டைத் திறந்தால் (பயன்பாட்டில் உள்ளதைத் திறத்தல் கூடாது, ஒரு தூசி போதும் அதனைக் கெடுக்க) கண்ணாடி போல் பளபளக்கும் வட்டுகள் தெரியும். அலுமினியம் அல்லது கண்ணாடியாலான அவ்வட்டின் மேல், கோபால்ட் கலந்த காந்தப் படலம் மிக மெல்லியதாகப் படிந்துள்ளது. பரவலான வகை நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. அவ்வேகத்தில் வட்டின் வெளிவிளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் விரைகிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நமக்கு அனுமதிக்கப்பட்டது 110 மட்டுமே. இத்தகைய ஓட்டத்தின் மேல் தலை, வட்டைத் தொடாமல், சுழற்சி எழுப்பும் காற்றுப் படுகையில் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை எண்ணினால் அதன் நுண்மை விளங்கும். ஓடும் வன்தட்டை அசைத்தலும் தட்டுதலும் ஏன் தகா என்பதும் அதனாலேயே விளங்கும்.

இந்நுண்பொருளை உலகுக்குச் செய்தளித்ததில் நம் ஊர்களுக்கும் பங்கு உண்டு. சீகேட் நிறுவனம் 1982-இல் சிங்கப்பூரில் உற்பத்தியைத் தொடங்கியது. அப்பத்தாண்டு முடிவதற்குள் வன்தட்டு உற்பத்தியில் சிங்கப்பூர் உலகின் முன்னணிக்கு வந்தது. பினாங்கும் இத்தொழிலில் இடம்பெற்றது.

இனி எழுதும் முறை. காந்தப் படலம் நுண்ணிய மணிகளால் ஆனது. தலையில் பாயும் மின்னோட்டம் ஒரு சிறு பரப்பிலுள்ள மணிகளை ஒரு திசை நோக்கிக் காந்தமாக்குகிறது. மின்னோட்டம் திசை மாறினால் அடுத்த பரப்பு எதிர்த்திசை கொள்கிறது. 'ஒரு திசை 1, எதிர்த்திசை 0' என்று பலர் கருதுகின்றனர். நெடுங்காலம் வழங்கிய முறை அதுவன்று. திசை மாறினால் 1, மாறாவிட்டால் 0. பொருள் திசையில் இல்லை, மாற்றத்தில் இருக்கிறது. மொழியியல் பயின்றோர்க்கு இது பழகிய கருத்து. 'பல்', 'பள்' என்னும் சொற்களில் லகரத்துக்கோ ளகரத்துக்கோ தனியே பொருள் இல்லை. அவற்றின் வேறுபாடே பொருளைப் பிரிக்கிறது.

இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. நூறு சுழிகள் தொடர்ந்து வந்தால் நெடுந்தொலைவுக்கு எந்த மாற்றமும் இராது. கடந்தது தொண்ணூற்றொன்பதா நூறா என்று தலையால் எண்ண இயலாது. புள்ளியும் இடைவெளியும் இன்றி எழுதப்பட்ட ஓலைச்சுவடியில் சொல் எங்கே முடிகிறது என்று தடுமாறுகிறோம் அல்லவா, அதே தடுமாற்றம். எனவே, குறிப்பிட்ட தொலைவுக்குள் ஒரு மாற்றம் கட்டாயம் வருமாறு தரவை வேறொரு வரிசையாக மாற்றியே எழுதுகின்றனர்.

படிப்பதும் நாம் நினைக்குமளவு உறுதியானதன்று. தலையில் உள்ள உணரியின் மின்தடை, கீழே செல்லும் காந்தப்புலத்துக்கேற்ப மாறுகிறது. 1988-இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குருன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த பெருங்காந்தத்தடை விளைவு இவ்வுணரியை மிகக் கூர்மையாக்கியது. அதற்காக இருவரும் 2007-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். கூர்மையாயினும் கிடைப்பது இரைச்சல் கலந்த குறிகையே. அதனின்று, எழுதப்பட்டது பெரும்பாலும் இதுவாக இருக்கலாம் என்று கணக்கிட்டு, உடன் எழுதிவைத்த மிகைத் தரவைக் கொண்டு பிழையைத் திருத்துகிறது வன்தட்டு. மிகை என்றால் வீண் என்று கருத வேண்டா. 'மாணவர்கள் வந்தார்கள்' என்னும் தொடரில் பன்மை இருமுறை வருகிறது. சந்தை இரைச்சலில் எழுவாயின் 'கள்' காதில் விழாமற்போனாலும் பயனிலை அதைக் காட்டிக்கொடுக்கும். இம்மிகை இல்லாத மொழியை இரைச்சலில் பேச இயலாது. இம்மிகை இல்லாத வன்தட்டையும் நம்ப இயலாது.

இனி மீட்டெடுத்தல். வட்டின் பரப்பு ஒருமைய வட்டங்களாகிய தடங்களாகவும், ஒவ்வொரு தடமும் சிறு கூறுகளாகவும் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு கூறு முன்பு 512 பைட் கொண்டிருந்தது. இன்றைய தட்டுகள் பெரும்பாலானவற்றில் 4,096 பைட். ஒவ்வொரு கூறுக்கும் எண் உண்டு. எந்தக் கோப்பு எந்தக் கூறுகளில் உள்ளது என்பதை ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. கோப்பைத் திறக்கும்போது கணினி முதலில் அட்டவணையைப் பார்க்கும். பின் கை உரிய தடத்துக்கு நகரும். பின் உரிய கூறு சுழன்று தலையின் கீழ் வரும்வரை காத்திருக்கும். ஒரு சுழற்சிக்கு 8.3 மில்லிநொடி ஆவதால் சராசரிக் காத்திருப்பு அதில் பாதி. நமக்கு அது கண்ணிமைப்பினும் குறைவு. கணினியின் செயலிக்கோ அதற்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகள் கடந்துவிடும். ஒரே கோப்பின் கூறுகள் வட்டெங்கும் சிதறிக் கிடந்தால் கை அங்குமிங்கும் அலைய நேரும். பழங்கணினி மெதுவாக இயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

'அழி' என்னும் சொல் இங்கேதான் நம்மை ஏமாற்றுகிறது. கோப்பை அழிக்குமாறு ஆணையிட்டால், பொதுவாக வன்தட்டில் எதுவும் அழிக்கப்படுவதில்லை. அட்டவணையிலுள்ள பதிவு நீக்கப்படுகிறது. 'இக்கூறுகள் இனிக் காலி' என்று குறிக்கப்படுகிறது. காந்தப் பதிவு அப்படியே இருக்கும், வேறொரு கோப்பு அதன்மேல் எழுதப்படும் வரை. நூலகத்தில் பட்டியல் அட்டையைக் கிழித்துவிட்டு, நூலை அடுக்கிலேயே விட்டது போன்ற நிலை. 'நீக்கு' என்பதுகூடப் பொருந்தாது. 'மற' என்பதே நெருங்கிய சொல் என்பது எம் கருத்து. ஆதலால், தவறுதலாகக் கோப்பை அழித்தவர் செய்ய வேண்டிய முதற்செயல் அக்கணினியைப் பயன்படுத்தாமல் நிறுத்துவது. மீட்பு மென்பொருளை அதே தட்டில் நிறுவினால், மீட்க விரும்பிய கோப்பின் மேலேயே அது எழுதப்பட்டுவிடக்கூடும். மறுபுறம், பழைய கணினியைப் பிறருக்குக் கொடுப்பவர் கோப்புகளை 'அழித்துவிட்டேன்' என்று நிம்மதி அடைதலும் ஆகாது.

மேற்சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் எழுத்து மீளாதிருக்கலாம். வன்தட்டு நமக்குத் திருப்பித் தருவது எண்களை மட்டுமே. யூனிகோட் குறியீட்டில் 'தமிழ்' என்னும் சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து எண்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 15 பைட், அதாவது 120 பிட். (மெய்யே அடிப்படை, அதனோடு உயிர் கூடியதே உயிர்மெய் என்பது நம் இலக்கணம். இக்குறியீட்டிலோ ழகரத்தின் மேல் புள்ளியிட்டே மெய்யைப் பெறுகிறோம். இத்தலைகீழ் முறை எமக்கு இன்றும் உறுத்தலே.) யூனிகோட் பரவுமுன் எழுதிய கோப்புகளில் ஒவ்வோர் எழுத்துருவும் தன் விருப்பப்படி எண்களைப் பங்கிட்டது. ஓர் எழுத்துருவில் அகரமான எண் மற்றொன்றில் வேறோர் எழுத்து. இக்குழப்பத்தைத் தீர்க்கவே நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய 1997-ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் மாநாட்டில் தமிழ்க் கணினி அறிஞர்கள் கூடினர். அக்காலக் கோப்பை இன்று திறந்தால், குறிகள் ஏறிய ஐரோப்பிய எழுத்துகள் திரையெங்கும் தோன்றும். 'கோப்பு கெட்டுவிட்டது' என்று பலர் அதனை எறிந்துவிடுகின்றனர். கெடவில்லை. ஒரு பிட்டும் மாறவில்லை. எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்று தெரிந்தால், குறியீடு மாற்றும் மென்பொருள் சில நொடிகளில் அதைப் படிக்கத்தக்கதாக்கிவிடும்.

புதிய மடிக்கணினிகளில் சுழலும் வட்டு இல்லை. மின்னேற்றத்தைச் சிறைவைக்கும் சில்லுகள் உள்ளன. விரைவு மிகுதி, அசைவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அழித்த கோப்பின் இடத்தை அவை பெரும்பாலும் தாமே விரைவில் துடைத்துவிடுவதால், மேற்சொன்ன மீட்புக்கு வாய்ப்புக் குறைவு. நெடுநாள் மின்சாரமின்றிக் கிடந்தால் மின்னேற்றமும் மெல்லக் கசியும்.

பழைய வன்தட்டு வைத்திருப்போர் அதைப் பழங்கணினியிலேயே இயக்கிப் பார்க்க வேண்டியதில்லை. கழற்றி எடுத்து, தக்க இணைப்பி வழியாகப் புதுக்கணினியோடு பொருத்தலாம். அகன்ற பட்டைக் கம்பியுள்ள பழைய வகைக்கும் இணைப்பி உண்டு. 'டக் டக்' என்னும் ஓசை திரும்பத் திரும்பக் கேட்டால், கை தன் தடத்தைக் காணாமல் அலைகிறது என்று பொருள். உடனே மின்சாரத்தை நிறுத்தி, மீட்புத் தொழில் அறிந்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். ஓசையின்றி இயங்கினால், கோப்புகளைத் திறந்து படிக்கத் தொடங்காமல் முதலில் முழுவதையும் வேறு இரண்டு தட்டுகளுக்குப் படியெடுக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டில் இருப்பது நல்லது. குறியீட்டை மாற்றிய பின்னும் மூலக் கோப்பை நீக்காமல் வைத்து, உறையின் மேல் ஆண்டோடு எழுத்துருவின் பெயரையும் எழுதிவைக்க வேண்டும்.