இன்டர்நெட்டுக்கும் இன்னொரு வழி வேண்டும்!

காஸ் திடீரென்று தீர்ந்துவிடும் என்று இன்னொரு சிலிண்டரை மூலையில் வைத்திருக்கிறோம். குழாயில் தண்ணீர் வராமல் போகலாம் என்று நாலு குடம் பிடித்து வைக்கிறோம். ஆனால் வீட்டில் உட்கார்ந்தபடியே பங்கு வாங்கி விற்கிற குடும்பங்களில், அந்த வியாபாரம் முழுக்க நம்பியிருக்கிற இன்டர்நெட்டுக்கு மட்டும் மாற்று ஏற்பாடு பெரும்பாலும் இருப்பதில்லை.

மஞ்சக்குப்பத்திலும் சரி, சிதம்பரத்திலும் சரி, ஓய்வு பெற்ற பெரியவர்கள், காலேஜ் முடித்த பிள்ளைகள், ஏன், சமையலை முடித்துவிட்டு வரும் இல்லத்தரசிகள்கூட இதில் இறங்கியிருக்கிறார்கள். நாமே செய்யாவிட்டாலும், வீட்டுப் பணம் போகிற இடம் என்பதால் நமக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

ஆபத்து யாருக்கு?

பங்கை வாங்கி வருடக்கணக்கில் வைத்திருப்பவருக்கு ஒரு நாள் இன்டர்நெட் இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுவிடுகிற 'இன்ட்ரா டே'காரர்களுக்குத்தான் கஷ்டம். இதில் கையிலிருக்கும் பணத்தைப் போல் ஐந்து மடங்கு வரை பங்கு வாங்க முடியும். 20,000 ரூபாய் கட்டி ஒரு லட்சத்துக்கு வாங்குகிறார் என்று வையுங்கள். விலை நூற்றுக்கு இரண்டு இறங்கினால் 2,000 ரூபாய் நஷ்டம். அதாவது போட்ட பணத்தில் பத்தில் ஒரு பங்கு! அந்த நேரம் பார்த்து லைன் போனால், விலை சரிவதைப் பார்க்கவும் முடியாது, விற்று வெளியே வரவும் முடியாது.

நம் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று வெள்ளிக்கிழமை, சந்தை நாள். மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. 2024-ல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 சனிக்கிழமை இரவு கரையைக் கடந்தது. திங்கட்கிழமை சந்தை வழக்கம்போல் 9.15-க்குத் திறந்தபோது, இங்கே தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. நம்மூர் மழைக்காக மும்பையில் கடையடைப்பார்களா?

பெரிய இடத்திலேயே நடந்தது

"ரெண்டு கம்பெனி லைன் போட்டுட்டா தீர்ந்தது" என்பார்கள். தீராது! 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையில் தேசிய பங்குச் சந்தையே காலை 11.40-க்கு வியாபாரத்தை நிறுத்தும்படி ஆயிற்று. அவர்களிடம் இரண்டு கம்பெனிகளின் தொலைத்தொடர்பு இணைப்புகள் இருந்தன. இரண்டிலுமே கோளாறு! அவர்களுடைய இரண்டு இடங்களுக்கும் நடுவே சாலையில் நடந்த தோண்டும் வேலைதான் முக்கியக் காரணம் என்று பிறகு அறிவித்தார்கள். மறுபடி 3.45-க்குத் திறந்து மாலை 5 மணி வரை நடத்தினார்கள். அதற்குள் பலருடைய பங்குகளைத் தரகு நிறுவனங்கள் மும்பை பங்குச் சந்தை வழியாக விற்று முடித்துவிட்டிருந்தன.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? இரண்டு கம்பெனி என்பது பெரிதில்லை. இரண்டும் வெவ்வேறு வழியாக வீட்டுக்கு வர வேண்டும்.

என்னென்ன செய்யலாம்?

முதலாவது, வழி. தெருவில் எட்டிப் பாருங்கள். ஃபைபர் ஒயர்கள் எல்லாம் ஒரே கம்பங்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு ஃபைபர் வாங்கினால், ஒரு வேப்பமரம் சாய்ந்தால் போதும், இரண்டும் போய்விடும். ஆகவே ஒன்று ஃபைபர் என்றால் மற்றொன்று மொபைல் சிம்மாக இருக்கட்டும். அதுவும் வேறு கம்பெனியுடையதாக இருப்பது நல்லது. வியாபாரம் பார்க்கிற அதே அறையில் உட்கார்ந்து சிக்னல் எப்படி என்று பார்த்த பிறகு சிம் வாங்குங்கள். மொட்டை மாடியில் மட்டும் கிடைக்கிற சிக்னல் மழை நாளில் எதற்கு? வேகம் அதிகம் தேவையில்லை. சினிமா பார்க்கத்தான் வேகம் வேண்டும். விலை பார்க்க, விட்டுவிட்டு வராத லைன் போதும்.

இரண்டாவது, கரண்ட். வீட்டில் இன்வர்ட்டர் இருக்கும். ஃபேனும் லைட்டும் ஓடும். ஆனால் ரூட்டர் செருகியிருக்கும் பிளக்குக்கு இன்வர்ட்டர் லைன் கொடுத்திருக்காது! எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள். இன்வர்ட்டர் இல்லாதவர்கள் ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். வாங்கலாம். சுமார் இரண்டு, மூன்று மணி நேரம் தாங்கும். ரூட்டரின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதோ, பெரும்பாலும் 12 இருக்கும், அதற்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஃபைபருக்குத் தனிப்பெட்டி இருந்தால் அதற்கும் கரண்ட் வேண்டும், மறக்காதீர்கள். நம் வீட்டில் எல்லாம் எரிந்தாலும், தெருவில் கேபிள்காரரின் சாதனத்துக்குக் கரண்ட் இல்லையென்றால் லைன் வராது. அப்போது கை கொடுப்பது மொபைல்தான். அதனால் போனில் எப்போதும் சார்ஜ் இருக்கட்டும்.

மூன்றாவது, ஓ.டி.பி. இதைப் பலர் யோசிப்பதில்லை. ஃபைபர் நன்றாக இருக்கும். ஆனால் சிக்னல் இல்லாததால் ஓ.டி.பி. வராது, கணக்கைத் திறக்கவும் முடியாது. போனிலேயே அரை நிமிடத்துக்கு ஒரு முறை எண் மாற்றிக் காட்டுகிற 'ஆதென்டிகேட்டர்' ஆப் இருக்கிறது. அதற்குச் சிக்னலே தேவையில்லை. உங்கள் தரகர் அதை அனுமதித்தால் இப்போதே போட்டு வையுங்கள்.

நான்காவது, 'ஸ்டாப் லாஸ்'. இந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடு என்று முன்கூட்டியே கொடுத்து வைக்கிற உத்தரவு இது. சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் நம் வீட்டு லைன் போனாலும் அது வேலை செய்யும். விலை ஒரேயடியாகச் சரிந்தால் சொன்ன விலையே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

ஐந்தாவது, தரகரின் டெலிபோன் நம்பர். போனில் சொல்லி விற்கும் வசதியைப் பல தரகர்கள் தருகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நம்பரையும் வாடிக்கையாளர் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் காலண்டருக்குப் பின்னால் செருகி வையுங்கள். பாஸ்வேர்டை மட்டும் எழுதாதீர்கள்!

ஒத்திகை பாருங்கள்

எங்கள் வீட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை, சந்தை இல்லாத நாளாகப் பார்த்து, சொல்லாமல் ரூட்டர் ஒயரைப் பிடுங்கிவிடுவேன். "அம்மா, நெட் போச்சு!" என்று பிள்ளை கத்துவான். "நான்தாண்டா பிடுங்கினேன், அடுத்த லைனுக்கு மாறு பார்க்கலாம்" என்பேன். முதல் தடவை கால் மணி நேரம் தடுமாறினான். ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு ஞாபகமில்லை, ரீசார்ஜும் முடிந்திருந்தது. இப்போது இரண்டே நிமிடம்தான். சும்மா கிடக்கிற சிம் அவசரத்துக்கு உதவாது, சகோதரிகளே. அவ்வப்போது எடுத்து உபயோகித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்' வியாபாரம் செய்த தனிநபர்களில் மூன்று நிதியாண்டுகளில் நூற்றுக்குச் சுமார் 93 பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள் என்று செபி 2024 செப்டம்பரில் கணக்குச் சொல்லியிருக்கிறது. அத்தனைக்கும் இன்டர்நெட்டா காரணம்? இரண்டாவது லைன், லைன் போவதால் வரும் நஷ்டத்தை மட்டும்தான் தடுக்கும். வீட்டுச் செலவுப் பணத்தையும் பெண்ணின் கல்யாணப் பணத்தையும் இதில் போட விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

அதேபோல், கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தால், எத்தனை லைன் இருந்தாலும் அன்றைக்கு இன்ட்ரா டே வேண்டாம் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மெழுகுவத்தி, தீப்பெட்டி, குடிதண்ணீர் எல்லாம் எடுத்து வைக்க அன்று வீட்டில் எல்லோருக்கும் வேலை இருக்கும்!