பாலாறு வந்தால் பாலம் போச்சு!

"எங்க ஆத்துல மணல்தான் ஓடும்!" காஞ்சீபுரம் பக்கம் பாலாற்றைப் பற்றிக் கேட்டால் இப்படித்தான் கேலி செய்வார்கள். கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திராவில் 33 கிலோமீட்டர் ஓடி, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் கடந்து கடலுக்குப் போகிற ஆறு. பல வருடம் வெறும் மணல்வெளி. சித்ரா பவுர்ணமியில் வரதராஜப் பெருமாளே அந்த மணலில் இறங்கி இளைப்பாறுவார் என்றால் பாருங்களேன்!

ஆனால் 2021 நவம்பரில் வந்ததே வெள்ளம்... லட்சம் கனஅடிக்கு மேல்! வாலாஜாபாத்–அவளூர் தரைப்பாலம் உடைந்து போனது.

அவளூர், அங்கம்பாக்கம் ஜனங்களுக்கு பஸ், ரெயில், கடைவீதி எல்லாமே அக்கரையில் வாலாஜாபாத்தில்தான். பாலம் இருந்தால் சைக்கிளை மிதித்தால் போதும். இல்லையென்றால்? மேற்கே ஓரிக்கை பாலத்துக்குப் போக வேண்டும், அல்லது கிழக்கே திருமுக்கூடல் பாலத்துக்கு. எதிரே தெரிகிற ஊருக்கு இவ்வளவு சுற்று!

தரைப்பாலம் ஏன் போகிறது? ஆற்றுமட்டத்தை ஒட்டிக் கட்டியது. அடியில் குழாய்கள். கொஞ்சம் தண்ணீர் என்றால் குழாயில் போய்விடும். வெள்ளத்தில் மரமும் புதரும் அடித்து வந்து குழாயை அடைத்துக்கொள்ளும். அப்புறம் பாலமே அணைக்கட்டு! மேலே ஏறி மறுபக்கம் விழுகிற தண்ணீர் அடிமணலை அரிக்கும். மணலை லாரி லாரியாக அள்ளிப் படுகை இறங்கிவிட்ட ஆற்றில் கேட்கவே வேண்டாம், அஸ்திவாரம் அந்தரத்தில் நிற்கும்.

ஊருக்குள் ஓடும் வேகவதியின் வெள்ளத்தை மறித்துப் படுத்தவர் திருவெஃகா பெருமாள் என்பது புராணம். அவர் ஆதிசேஷன் மேல் படுத்தார், தாங்கியது. நாலு குழாய் மேல் படுத்த பாலம் தாங்குமா?

தூணை ஆழமாக இறக்கி, வெள்ளம் தொடாத உயரத்தில் கட்டுவது உயர்மட்டப் பாலம். செலவு அதிகம்தான். "வருஷத்துல பத்து நாள் தண்ணிக்கு இவ்வளவு காசா?" என்று கணக்குப் பார்க்கிறார்கள். அந்தப் பத்து நாளில் உடைந்தால் அவதி மாதக்கணக்கில் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

இன்னொன்று. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது "முழங்கால் அளவுதானே" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்காதீர்கள். கலங்கல் தண்ணீரில் பாலத்தின் ஓரம் எங்கே முடிகிறது, நடுவில் எவ்வளவு தூரம் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.